கரண்ட் பில்லுக்காக வோஷிங் மெஷினை மாற்றலாமா? யாழ்ப்பாணத்து வீட்டுக்கான கணக்கு

யாழ் நகரத்து ஷோரூம்களில் நிற்கிற இன்வேர்ட்டர் (மோட்டரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றுகிற) வோஷிங் மெஷின்களின் நெற்றியில் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: கரண்ட் இத்தனை வீதம் மிச்சம். அது பொய்யில்லை. எதில் இத்தனை வீதம் என்பதைத்தான் கேட்க வேண்டும். வீட்டிலுள்ளது ஹீற்றர் இல்லாத, தோய்க்க ஒன்று பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டியுள்ள ட்வின் டப் மெஷினோ, மேலால் உடுப்புப் போடுகிற டொப் லோட் மெஷினோ என்றால், ஒரு தோய்ச்சலுக்கு அது இழுக்கிற கரண்ட் பெரும்பாலும் கால் யூனிட்டை எட்டாது. அதில் பாதியை மிச்சம் பிடித்தாலும் பில்லில் தெரியாது. ஆகவே எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கரண்டை மட்டும் நினைத்து, ஒழுங்காக ஓடுகிற மெஷினை மாற்ற வேண்டாம். தண்ணீருக்காக மாற்றலாம். அந்தக் கணக்கு வேறு, பிறகு வருகிறது.

வோஷிங் மெஷினில் கரண்ட் போகிற இடம் இரண்டு. ஒன்று சுழற்றுகிற மோட்டர், மற்றது தண்ணீரைச் சுடவைக்கிற ஹீற்றர். மோட்டர் 300 முதல் 500 வொட் வரை இழுக்கும், அதுவும் சுற்றிச் சுற்றி நின்றுதான் வேலை செய்யும். ஹீற்றர் 1800 முதல் 2000 வொட். அது ஓன் ஆனால் குறித்த சூடு வரும்வரை விடாமல் இழுக்கும். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வொட் மணி வேண்டும் (ஆயிரம் வொட் மணி ஒரு யூனிட்). ஹீற்றரால் சுடவைக்கிற எந்தக் கம்பனியின் மெஷினாலும் இதைக் குறைக்க முடியாது. சுடவைக்கிற தண்ணீரின் அளவைக் குறைக்கலாம், அல்லது சுடவைக்காமலே விடலாம்.

வெளிநாட்டுச் சொந்தக்காரரின் ஆலோசனை இங்கே பொருந்தாமல் போவதும் இதனால்தான். "பழசைக் குடுத்திட்டுப் புதுசு எடுங்கோ, கரண்ட் பாதியாகும்" என்று சுவிஸிலோ நோர்வேயிலோ இருந்து சொன்னால், அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 பாகைக்குக் கிட்ட வரும். முன்பக்கக் கதவால் உடுப்புப் போடுகிற ஃப்ரண்ட் லோட் மெஷின் அலசலுக்கு முன் தோய்ப்புக்கு எடுக்கிற 15 லீற்றர் அளவு தண்ணீரை அங்கிருந்து 40 பாகைக்கு ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் போய்விடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெளியே வரும்போதே 28 பாகை அளவில் இருக்கிறது. அதை 40க்கு ஏற்ற 0.2 யூனிட் போதும். மத்தியானம் வெயிலில் நிற்கிற தாங்கியில் இருந்து வந்தால் அதுவும் குறையும். மெஷினில் '30 பாகை' என்று போட்டிருக்கிற புரோகிராமுக்கு இங்கே ஹீற்றர் ஓன் ஆனாலும் சில நிமிடத்துக்கு மேல் ஓடாது.

ஐரோப்பிய லேபல் ஒட்டி வருகிற மெஷின்களையும் இதை மனதில் வைத்தே பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் இருந்து அந்த லேபலில் ஏ முதல் ஜி வரை ஏழு தரம் உண்டு. நடுவில் உள்ள பெரிய எண் 100 தோய்ச்சலுக்கு எத்தனை யூனிட் என்பதைச் சொல்கிறது, 50 என்றால் ஒரு தோய்ச்சலுக்கு அரை யூனிட். ஆனால் அது 'இகோ 40-60' என்ற, தண்ணீரைச் சூடாக்குகிற புரோகிராமுக்கு அளந்த எண். பச்சைத் தண்ணீரில் தோய்க்கிற வீட்டில் ஏ தரத்துக்கும் டி தரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகச் சுருங்கிவிடும்.

இனி வகை வகையாகப் பார்ப்போம். கிழமைக்கு நாலு தோய்ச்சல், மாதம் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ட்வின் டப் மெஷின் தோய்ப்பு, இரண்டு அலசல், பிழிதல் எல்லாம் சேர்த்து ஒரு தோய்ச்சலுக்கு 0.1 முதல் 0.15 யூனிட். மாதம் இரண்டரை யூனிட்டைத் தாண்டாது. எல்லோரும் பழசு என்று ஒதுக்குகிற மெஷின்தான் கரண்டில் மிகச் சிக்கனமானவற்றில் ஒன்று. பிழியும் தொட்டி நிமிடத்துக்கு 1300 சுற்றளவில் ஓடுவதால் பிழிவும் நல்லது. ஆள் பக்கத்தில் நின்று தண்ணீர் விட வேண்டும், ஈர உடுப்பைத் தூக்கி மாற்ற வேண்டும், தண்ணீரும் நிறையக் கேட்கும். முதுகு நோவோடு இருக்கிறவர்கள் வீட்டில் இதைக் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை.

இன்வேர்ட்டர் இல்லாத டொப் லோட் 0.2 யூனிட் அளவில் எடுக்கும், மாதம் மூன்றரை. அதையே இன்வேர்ட்டராக மாற்றினால் 0.1க்குச் சற்று மேல், மாதம் இரண்டு. ஸ்டிக்கரில் உள்ள வீதம் இந்த இடத்தில் உண்மையாகவே கிடைக்கிறது. கிடைப்பது மாதம் ஒன்றரை யூனிட். யூனிட் 60 ரூபா என்று போட்டாலும் மாதம் 90 ரூபா, வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். மெஷினுக்கு ஒன்றரை இலட்சம் கொடுத்தால் அந்தப் பணம் கரண்டில் திரும்பி வர நூறு வருடத்துக்கு மேல் வேண்டும். தவணைக்கு எடுத்தால் வட்டியே அந்த மிச்சத்தைப் பல மடங்கு விழுங்கிவிடும்.

ஃப்ரண்ட் லோட் மெஷின் பச்சைத் தண்ணீரில் 0.15 முதல் 0.2 யூனிட் வரை எடுக்கும். 40 பாகையில் அரை யூனிட் அளவு. 60 பாகையில் ஒரு யூனிட்டுக்குக் கிட்ட. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். மிச்சம் பிடிக்க என்று ட்வின் டப்பைக் கொடுத்துவிட்டு ஃப்ரண்ட் லோட் எடுக்கிறார்கள். அதன் 'கொட்டன்' புரோகிராம் பல மெஷின்களில் தானாகவே 40 அல்லது 60 பாகையில் வந்து நிற்கும். அப்படியே தொடக்கிவிட்டால் இரண்டரை யூனிட் எடுத்த வேலைக்கு மாதம் எட்டு முதல் 17 யூனிட் வரை போகும். புதுசு எடுத்தும் பில் கூடியது ஏன் என்ற கேள்விக்கு அநேகமாக இதுதான் பதில். சூட்டுப் பட்டனை அமத்தி 'கோல்ட்' அல்லது 20 பாகைக்கு இறக்குங்கள். ஏற்கெனவே ஃப்ரண்ட் லோட் வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு பட்டனால் சதச் செலவில்லாமல் மிச்சம் பிடிப்பது, எந்தப் புது மெஷினும் தருவதைவிடக் கூட.

புரோகிராம் மூன்று மணித்தியாலம் ஓடுகிறதே, கரண்ட் போகாதா என்று பயப்படத் தேவையில்லை. நேரம் கரண்ட் அல்ல. இகோ புரோகிராமில் உடுப்பு ஊறிக்கொண்டு கிடக்கிற நேரம்தான் கூட, மோட்டர் இடைக்கிடைதான் உருளும். மாறாக 15 நிமிட 'குவிக்' புரோகிராமை எல்லாவற்றுக்கும் போடுவதை நாங்கள் விரும்பவில்லை. சுண்ணாம்பு கரைந்த எங்கள் கல்தண்ணீரில் அவ்வளவு நேரத்துக்குள் பவுடர் முழுதாகக் கரைந்து அலசுப்படாது. கறுப்பு உடுப்பில் வெள்ளைக் கோடு விழும், திரும்ப அலச வேண்டி வரும்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்கிறவர்கள் தங்கள் மெஷினையே அளந்து பார்க்கலாம். வீட்டுக் கரண்ட் மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கம் என்று 1000, 1600 போல ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெஷினை மட்டும் ஓடவிடுங்கள். ஃபோனை மீற்றருக்கு முன்னால் வைத்து வீடியோ எடுத்துப் பிறகு எண்ணலாம். 1600 என்ற மீற்றரில் 160 மினுக்கம் 0.1 யூனிட். ஹீற்றர் ஓன் ஆகிற நேரம் மினுக்கம் படபடவென்று ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

ரூபாக் கணக்குக்கு ஒரு விஷயம் முக்கியம். வீட்டுப் பாவனைப் பில் படிகளாக ஏறுகிறது: 30, 60, 90, 120, 180. மாதம் 60ஐத் தாண்டினால் விலைப்பட்டியலே வேறு. ஒவ்வொரு படி ஏறும்போதும் நிலையான கட்டணமும் கூடும். ஆகவே நீங்கள் மிச்சம் பிடிக்கிற யூனிட்டின் பெறுமதி சராசரி விலையல்ல, உங்கள் கடைசிப் படியின் விலை. 93 யூனிட் எடுக்கிற வீடு மூன்று நாலு யூனிட்டைக் குறைத்து 90க்குள் இறங்கினால், அந்தச் சின்னக் குறைப்புக்கே கணிசமான பணம் மிஞ்சும். சூட்டுப் பட்டன் அதைச் செய்யும். 150 யூனிட்டில் நிற்கிற வீட்டில் வோஷிங் மெஷினைத் தொட்டுப் பயனில்லை. சாதாரண சீலிங் ஃபான் 70 வொட், நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 21 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டர் உள்ள 30 வொட் பிஎல்டிசி ஃபானாக மாற்றினால் ஒரு ஃபானிலேயே மாதம் 12 யூனிட் மிச்சம். அது ட்வின் டப் நாலு மாதம் எடுக்கிற கரண்டுக்கு மேல். பில்லுக்காகக் காசு போடுவதென்றால் அங்கே போடுங்கள். கதவு ரப்பர் தளர்ந்த ஃபிரிட்ஜையும், மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிற ஸ்திரிக்கைப் பெட்டியையும் அடுத்துப் பாருங்கள்.

இனித் தண்ணீர். இங்கேதான் புது மெஷினுக்கு உண்மையான நியாயம் இருக்கிறது.

ட்வின் டப்பில் தோய்ப்புக்கு ஒரு நிரப்பு, அலச இரண்டு நிரப்பு என்றால் 120 முதல் 150 லீற்றர். பைப்பைத் திறந்துவிட்டு வழிய வழிய அலசினால் இன்னும் 100 லீற்றர் கூடும். டொப் லோட்டும் இதே அளவில்தான். ஃப்ரண்ட் லோட் 50 முதல் 70 லீற்றருக்குள் வேலையை முடிக்கும். கிணற்று மோட்டர் ஆயிரம் லீற்றரை மேல் தாங்கிக்கு ஏற்ற 0.2 முதல் 0.4 யூனிட் வரை எடுக்கும், ஆகவே இதிலும் கரண்ட் மிச்சம் மாதம் அரை யூனிட்தான். ஆனால் மாதம் ஆயிரத்து முன்னூறு லீற்றர் நல்ல தண்ணீர் மிஞ்சுகிறது. கோண்டாவிலில் வற்றாத கிணறு உள்ள வீட்டுக்கு அது பெரிதில்லை. ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவுப் பக்கம் ஆவணி, புரட்டாதியில் கிணறு சவர் அடித்து, பவுசருக்குக் காத்திருக்கிற வீடுகளுக்கு அது பெரிய விஷயம். ஒரு பவுசர் தண்ணீருக்கு நீங்கள் கொடுக்கிற விலையை வைத்துக் கணக்குப் பாருங்கள். அந்த வீடுகளில் ஃப்ரண்ட் லோட் தன் விலையைச் சில வருடங்களில் திருப்பித் தரக்கூடும், தருவது தண்ணீர்க் காசில்.

ட்வின் டப் வைத்திருக்கிறவர்களும் தண்ணீரைப் பாதியாக்கலாம். முதலில் வெள்ளை, அதே நுரைத் தண்ணீரில் வெளிர்நிறம், கடைசியாக வேலை உடுப்பு. மூன்று தோய்ச்சலுக்கு ஒரே சவர்க்காரத் தண்ணீர். ஒவ்வொரு அலசலுக்கும் முன் ஒருமுறை பிழிந்துவிட்டால் ஒரு நிரப்பைக் குறைக்கலாம், ஏனென்றால் சவர்க்காரம் பிழிவிலேயே பெரும்பகுதி போய்விடும். கழிவுத் தண்ணீரை வாழைக்கு விடுகிறவர்கள் கடைசி அலசல் தண்ணீரை மட்டும் விடுங்கள். வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் வெடிப்புக்களால் தண்ணீர் விறுவிறென்று கீழே இறங்கிவிடும். கிணற்றடிக்குப் பக்கத்தில் வெளிக்குழாயை விடவே கூடாது.

அதே சுண்ணாம்புக்கல்தான் மெஷினுக்கும் எதிரி. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைக் கல் ஹீற்றர் கம்பியிலும் படியும். கல் படிந்தால் கரண்ட் கூடப் போகும் என்பார்கள், அது பெரிதாக உண்மையில்லை. ஹீற்றர் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, சூடு போக வேறு இடமில்லை. உண்மையான கெடுதல் வேறு. கல்லுக்குள் அகப்பட்ட கம்பி தன் சூட்டை விடமுடியாமல் எரிந்து வெடிக்கும், பிறகு மெஷின் சுடவைக்கத் தொடங்கியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும். பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் ஹீற்றரில் கல் படிவது மிகக் குறைவு, அதுவும் பட்டனை இறக்க ஒரு காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் தொட்டிக்குள் 100 கிராம் சிற்றிக் அசிட் போட்டு 60 பாகையில் ஓடவிடுங்கள். அதற்குப் போகிற ஒரு யூனிட் வீண் அல்ல, பச்சைத் தண்ணீர் மெஷினில் வருகிற பூஞ்சண மணமும் அதோடு போகும். சிற்றிக் அசிட்டோடு குளோரின் வெளிற்றியை ஒருபோதும் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு வரும்.

கல்தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் சீவிப் போட்டால் நுரைக்காது, திரண்டு உடுப்பிலும் தொட்டியிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டும். பவுடர்தான் சரி, ஃப்ரண்ட் லோட்டுக்கு நுரை குறைந்த பவுடர். ஒரு வாளி தண்ணீரில் முதலே கரைத்து ஊற்றினால் பச்சைத் தண்ணீரிலும் முழுப் பலன் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா சேர்த்தால் பவுடரின் அளவைக் குறைக்கலாம். பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையின் கழுத்து, கைப்பட்டி, நல்லெண்ணெய் பிடித்த தலையணை உறை, அடுப்படித் துணி ஆகியவற்றுக்குச் சுடுதண்ணீர் உண்மையில் வேண்டும். அதற்காக 15 லீற்றரைச் சுடவைக்காமல், ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பவுடரும் விட்டு அவற்றை மட்டும் அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு மற்ற உடுப்போடு சேருங்கள்.

இனி, மாற்ற நினைத்திருக்கிற அந்தப் பழைய மெஷின். 'வலு குறைந்துவிட்டது' என்று தூக்கிப் போடுகிற ட்வின் டப்களில் பெரும்பகுதிக்குப் பிரச்சினை கப்பாசிட்டர் (மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடுகிற பாகம்) அல்லது பெல்ற். மோட்டர் 'ம்ம்' என்று இரைந்துகொண்டு சுற்றாமல் நின்று, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறதா? கப்பாசிட்டர் போய்விட்டது. அப்படி நிற்கும்போது மோட்டர் வழமையைவிடக் கூடக் கரண்ட் இழுத்துச் சுடும், சுருள் எரிய அதிக நேரம் எடுக்காது. பழைய கப்பாசிட்டரில் எழுதியிருக்கிற அதே மைக்ரோஃபரட் அளவில், 450 வோல்ற் எடுத்துப் போடுங்கள். பிளக்கைக் கழற்றியதும் கையை வைக்க வேண்டாம். கப்பாசிட்டரில் மின் தேங்கி நிற்கும், அதைத் தெரிந்தவர்தான் வெளியேற்ற வேண்டும். மோட்டர் ஓடி, உள்ளே சுழலி மட்டும் உடுப்புப் போட்டதும் நின்றால் பெல்ற் தளர்ந்திருக்கிறது. நடுவில் பெருவிரலால் அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு போக வேண்டும், அதற்கு மேல் என்றால் மோட்டரை நகர்த்தி இறுக்கலாம். வெடிப்பு விழுந்திருந்தால் பெல்ற்றில் உள்ள இலக்கத்தைக் கடையில் காட்டி மாற்றலாம். பிழியும் தொட்டி மெல்லச் சுற்றிக் கருகல் மணம் வந்தால் மூடியோடு இணைந்த பிரேக் கம்பி விடுபடாமல் உரசுகிறது.

இவை எல்லாம் யாழ்ப்பாணத்தில் எந்த மோட்டர் திருத்துகிற கடையிலும் செய்கிற வேலை. இன்வேர்ட்டர் மெஷினின் சேர்கிட் போர்ட் அப்படியல்ல. ஒக்டோபர், நவம்பர் இடி மழையில் ஒரு மின்னல் போதும், போர்ட்டை முழுதாக மாற்ற வேண்டி வரும், அதன் விலை பல வருட கரண்ட் மிச்சத்தை ஒரேயடியாகக் கொண்டுபோகும். இடி கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. எதைத் திருத்தக் கூடாது என்றும் சொல்ல வேண்டும்: ஒட்டி மூடிய தொட்டியுள்ள ஃப்ரண்ட் லோட்டில் பெயரிங் போய், பிழியும்போது உழவு மெஷின் போலச் சத்தம் போட்டால், தொட்டியையே மாற்ற வேண்டும். அந்த விலைக்குப் புதிதே எடுக்கலாம். உடம்பு துருப்பிடித்துத் தொட்டால் கரண்ட் அடிக்கிற மெஷினையும் அன்றே நிறுத்துங்கள்.

கனடாவில் இருந்து சாமானோடு வந்த மெஷின், பாவித்த ஜப்பான் மெஷின் இரண்டும் வேண்டாம். முன்னது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், பின்னது 100 வோல்ற். ட்ரான்ஸ்ஃபோர்மர் போட்டாலும் அதுவே சும்மா கரண்ட் குடிக்கும்.

தண்ணீருக்காக ஃப்ரண்ட் லோட் எடுப்பதென்று தீர்மானித்தால், காசு கட்டமுன் தாங்கியின் உயரத்தை அளவுங்கள். தாங்கியின் அடியில் இருந்து மெஷினின் தண்ணீர் வாய் வரை பத்து அடி என்றால் கிடைப்பது 0.03 மெகா பஸ்கால் அமுக்கம். சில மெஷின்களுக்கு அது போதும், சிலவற்றுக்கு 0.1 வேண்டும், அது 33 அடி உயரம். கையேட்டில் எழுதியிருக்கும், விற்கிறவரிடம் கேட்டு அந்தப் பக்கத்தையே பாருங்கள். குறைந்தால் தண்ணீர் நிரம்பாமல் மெஷின் பிழை காட்டி நிற்கும், எல்ஜி மெஷினில் 'ஐஈ' என்று வரும். அதே பிழை பிறகொரு நாள் வந்தால் குழாய் பூட்டுகிற இடத்தில் உள்ள சின்ன வலையைக் குறட்டால் இழுத்து, பழைய பல் பிரஷால் மணலையும் கல்லையும் தேய்த்துக் கழுவுங்கள். பின்னேரங்களில் வோல்ற்றேஜ் விழுகிற ஊரென்றால் காலையில் தோய்க்கலாம், அல்லது ஸ்டெபிலைசர் போடலாம். ஹீற்றரோடு பாவித்தால் ஸ்டெபிலைசரின் கொள்ளளவு 3 கேவிஏ வேண்டும், 1 கேவிஏ எரிந்துவிடும். 13 அம்பியர் தனிப் பிளக்கும் நல்ல ஏர்த்தும் கட்டாயம், மல்டி பிளக்கில் கொழுவ வேண்டாம்.

பிழிவு வேகத்துக்காக 1400 சுற்று மெஷினுக்குக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. எங்கள் வெயிலுக்கு 800 போதும், மாரியில் 1000. வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் உள்ள போக்குவரத்து போல்ற்றுகளை (கொண்டுவரும்போது தொட்டி ஆடாமல் பிடிக்கிறவை) எல்லாம் கழற்றினார்களா என்று நீங்களே பாருங்கள். கழற்றாமல் ஒருமுறை பிழியவிட்டாலே மெஷின் தரையில் துள்ளி நகரும், உள்ளே உள்ள அதிர்வுதாங்கிகள் முதல் நாளே பழுதாகிவிடும். கழற்றிய போல்ற்றுகளை எறியாமல் வையுங்கள். வீடு மாறும்போது திரும்ப வேண்டும்.